நொட்டோரியஸ் செய்த வேலை
தினமும் 20 ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மேலாளரைப் பாராட்டி எழுதிய மின்னஞ்சலில் ‘நொட்டோரியஸ்’ என்று போட்டுவிட்டேன். என் நோட்டில் அதற்குப் பொருள் ‘பிரபலமான’. கெட்ட பெயர் எடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சொல் வரும் என்பது அவர் சிரித்த பிறகே தெரிந்தது.

சரி, பட்டியல் வேண்டாம் என்று விட்டேன். அப்புறம், படிக்கும் பத்தியில் ஒரு சொல்லை விரலால் மறைத்து, அங்கே எது பொருந்தும் என்று நானே யோசிப்பேன். பக்கத்துச் சொற்கள்தான் துப்பு. ‘ஆல்தோ’ (என்றாலும்) இருந்தால் வாக்கியத்தின் மறுபாதி எதிர்த்திசையில் திரும்பும். வலியைக் குறைக்க ‘அலீவியேட்’, ஆபத்தைக் குறைக்க ‘மிட்டிகேட்’. முன்பு இரண்டுக்குமே ‘குறை’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன்! இப்போது நோட்டில் முழு வாக்கியமாகத்தான் எழுதுகிறேன். வாரத்துக்குப் பத்துச் சொல் தேறினாலே அதிகம்.