ஸ்டாண்டர்டு ஹெரால்டின் துருப்பிடித்த பின்பாகத் தகடுகளை மாற்றும் முறை

1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடி அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். ஆனாலும் டிக்கித் தளம், சக்கர வளைவு, பம்பருக்குக் கீழுள்ள பேனல் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் அறுத்தெடுத்தால் பாடி கோணிவிடும். இந்த வேலை வெல்டிங்கில் கெடுவதைவிட, அதற்கு முன் அளவெடுக்காமல் கெடுவதே அதிகம்.

முதலில் சேதத்தின் அளவை அறியுங்கள். பழைய டிங்கரிங்கில் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. அங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, நல்ல இரும்பு தென்படும் எல்லையைச் சாக்பீஸால் கோடிடுங்கள். வெளியே நாணயமளவு தெரியும் துரு உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கலாம். தளத்தைத் தாங்கும் சேஸிக் கைகள் இற்றிருந்தால் அவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை வெளியே எடுத்துத் தொலைவில் வைத்த பிறகே கிரைண்டரைத் தொடலாம். காலி டேங்க்கில் தங்கிய ஆவியும் தீப்பிடித்து வெடிக்கும்.

டிக்கித் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதி வைத்து, குறுக்கே ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தை அறுங்கள். சென்னையின் பழைய வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து வெட்டிய துண்டு கிடைத்தாலும், அதுவும் அதே இடத்தில் இற்றிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அட்டையில் மாதிரி வெட்டி, ஏறக்குறைய 0.9 மி.மீ. தடிமனுள்ள 20 கேஜ் சி.ஆர். (குளிர் நிலையில் உருட்டிய இரும்பு) தகட்டில் புதிதாக வளைப்பதையே நான் விரும்புவேன். ஜி.ஐ. தகடு வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு எரியும் புகை காய்ச்சலை உண்டாக்கும், வெல்டிலும் துளைகள் விழும்.

வளைத்த தகட்டைக் கிளாம்பாலும் ஸ்க்ரூவாலும் நிறுத்தி, டிக்கி மூடியை மாட்டி, பின்விளக்கையும் பம்பரையும் பொருத்திப் பாருங்கள். என் முதல் வண்டியில் மூடியை மாட்டாமலேயே பற்றவைத்தேன். வலப்பக்க இடைவெளி விரல் நுழையுமளவுக்கு விரிந்தது, முழுப் பேனலையும் மீண்டும் அறுக்க நேர்ந்தது. மூடி சீராக அமர்ந்து, மூலைவிட்ட அளவுகளும் ஒத்துவந்த பிறகுதான் பற்றவைக்கத் தொடங்கி, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

கரியமில வாயுவின் காப்பில் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் சி.ஓ.2 வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி போதும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பில், மேல் தகட்டில் மட்டும் 6 மி.மீ. துளைகளை 3 செ.மீ. இடைவெளியில் இட்டு, வெல்டால் நிரப்புங்கள். விளிம்போடு விளிம்பு சேரும் இணைப்பில் தொடர்ச்சியாக ஓட்டாமல், ஒரு முனையில் ஒரு புள்ளி, மறுமுனையில் ஒரு புள்ளி என்று இடம் மாற்றி வைத்து, கை பொறுக்குமளவு ஆறிய பின்னரே அடுத்ததை வையுங்கள். அவசரப்பட்டால் தகடு அலையலையாகும்.

கடற்காற்றும் ஈரமும் உள்ள சென்னையில் வெற்று இரும்பு ஓரிரவிலேயே செந்நிறமாகிவிடும். ஆகவே தேய்த்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இணைப்புகளைச் சீலன்ட்டால் அடைத்து, பெயின்ட் முடிந்ததும் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு தெளியுங்கள். பழைய தளத்திலிருந்த நீர்வடி துளைகளைப் புதுத் தகட்டிலும் அதே இடத்தில் போட்டிருக்கிறீர்களா என்பதை, ஒரு சொம்புத் தண்ணீரை டிக்கிக்குள் ஊற்றி, அது முழுவதும் வடிகிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.