எச்ஐவி பத்தி ரீல் போடணுமா? முதல்தடவை செய்றவங்களுக்கு

காலேஜ்ல எச்ஐவி விழிப்புணர்வுக்காக இருக்குற ரெட் ரிப்பன் கிளப்ல புதுசா சேர்ந்தவங்க கேக்குறாங்க, டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்னைக்கு சிவப்பு ரிப்பன் படத்த ஸ்டேட்டஸ்ல வச்சா போதாதான்னு. போதாதுங்க. எச்ஐவின்னா என்னன்னு ஊருக்கே தெரியும், ஆனா பக்கத்துல உக்காந்து சாப்பிடத்தான் பயம், நாம தொட வேண்டியது அந்த பயத்தத்தான்.

முதல்ல, ஒரு ரீலுக்கு ஒரே ஒரு பயத்த எடுங்க. உதாரணத்துக்கு, ஒரே டம்ளர்ல குடிச்சா ஒட்டிக்குமா? ஒரு எவர்சில்வர் டம்ளர், ரெண்டு பேரோட கை, ஒருத்தர் குடிச்சிட்டு நீட்டுறாரு, இன்னொருத்தர் வாங்கி குடிக்கிறாரு, கீழ "இதுல பரவாது"ன்னு எழுத்து. 20 செகண்ட் போதும். மண்டை ஓடு, சோக மியூசிக் எதுவும் வேணாம்.

ரெண்டாவது, வார்த்தை. "எய்ட்ஸ் நோயாளி"ன்னு எழுதாதீங்க, எச்ஐவியோட வாழறவங்கன்னு எழுதுங்க. "ஒண்ணுமறியாத குழந்தைக்கு வந்துடுச்சே"ன்னு பரிதாபமா போடுறதும் தப்பு, அப்ப மத்தவங்க எல்லாம் குத்தம் பண்ணவங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடுது பாருங்க.

அடுத்து, நல்ல சேதிய சொல்லுங்க. 2016ல ஆரம்பிச்ச யூ ஈக்வல்ஸ் யூ பிரச்சாரம் சொன்னது இதுதான்: எச்ஐவிய கட்டுப்படுத்துற ஏஆர்டி மாத்திரைய தினமும் போட்டு, டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு வைரஸ் குறைஞ்சு, அது அப்படியே நீடிச்சா உடலுறவு மூலமா பரவாது. அந்த மாத்திரை 2004லேர்ந்து அரசு ஏஆர்டி மையங்கள்ல இலவசம், இதையும் சேர்த்து சொல்லுங்க.

இனிமே சொல்றதுதான் ரொம்ப முக்கியம். ஒருத்தருக்கு எச்ஐவி இருக்குன்னு அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்றத 2017ல வந்த சட்டம் தடுக்குது. சம்மதம் குடுத்தாலும் முகம் வேணாம்னுதான் நான் சொல்வேன். ஒருதடவ எச்ஐவியோட வாழற ஒரு அக்காவ வீடியோ எடுத்து, முகத்த ப்ளர் பண்ணி எடிட் முடிச்சிட்டோம், கடைசியா பாத்தா பின்னாடி செவுத்துல கடைப்பேரு, ஊர்ப்பேரோட தினசரி காலண்டர் பளிச்சுன்னு தெரியுது, அத போட்டிருந்தா அந்த அக்காவோட தெருவே கண்டுபிடிச்சிருக்கும், மொத்தத்தையும் அழிச்சிட்டு அவங்க கையும் குரலும் மட்டும் வச்சு, குரலயும் மாத்தி, திரும்ப எடுத்தோம்.

போட்டதும் போன வச்சிட்டு போயிடாதீங்க, ரெண்டு மணி நேரமாவது கமெண்ட்ஸ பாருங்க. கேள்வின்னா பொறுமையா பதில், திட்டுன்னா டெலிட். முதல் கமெண்ட்டா 1097 இலவச ஹெல்ப்லைன், அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல டெஸ்ட் ஃப்ரீ, ரிசல்ட் ரகசியம்னு பின் பண்ணுங்க.

ராத்திரி யாராவது இன்பாக்ஸ்ல "டெஸ்ட் எடுக்கணும், பயமா இருக்கு"ன்னு வருவாங்க. நாம டாக்டர் கிடையாது, மையத்துக்கு வழி சொல்லுங்க, கூட வரவான்னு கேளுங்க. அந்த மெசேஜ மட்டும் பேர மறைச்சு கூட ஸ்டோரில போட்டுடாதீங்க.