டேங்க் கசிந்தால் முதலில் வாஷரைப் பாருங்கள்

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் டேங்குக்கு அடியில் பெட்ரோல் சொட்டியபோது, ஓட்டை விழுந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். உண்மையில் காரணம், டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயான பெட்ரோல் காக்கில் இருந்த ரப்பர் வாஷர். காய்ந்து இறுகி, நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆகவே, பெட்ரோலை வடித்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

பிறகும் கசிந்தால், அடிப்புறத்தை நன்றாகத் துடைத்துச் சாக்பீஸைத் தேய்த்து வையுங்கள். கசியும் இடத்தில் வெள்ளை நனைந்து கறுக்கும். பெரும்பாலும் கீழ்விளிம்பில்தான் அகப்படும். உள்ளே தேங்கும் தண்ணீர் அங்கேதான் துருவை வளர்க்கிறது. வழியில் கண்டுபிடித்தால், ஊசித்துளையில் துணி சோப்பை அழுத்தித் தேயுங்கள். வீடு சேரும்வரை தாங்கும்.

நிரந்தரமாக அடைக்க, டேங்கைக் கழற்றித் திறந்தவெளியில் காலிசெய்து, சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி உலர்த்துங்கள். துளையைச் சுற்றி உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பெட்ரோலைத் தாங்கும் எபாக்சி என்ற ஒட்டுப்பசையைப் பிசைந்து அப்பி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

வெல்டிங்கில் மட்டும் தயவுசெய்து நீங்களே இறங்காதீர்கள். காலி டேங்கில் தங்கும் ஆவி ஒரே பொறியில் வெடிக்கும். பட்டறையில் கொடுத்தாலும், தண்ணீர் நிரப்பிய பிறகே பற்றவைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.