பிரிட்ஜ் ஏலம்: ஒரு ஜோடி மேசைக்கு வருமுன் பேசித் தீர்க்க வேண்டியவை

கான்ட்ராக்ட் பிரிட்ஜில் ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கைகள் 63,500 கோடிக்கும் அதிகம். அந்தக் கையை எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளிக்கு விளக்க விதிகள் இடம்தருவதோ 35 கேட்புகளும் (எந்தத் துருப்பில் எத்தனை பிடிகள் வெல்வோம் என்ற அறிவிப்புகள்; நால்வரும் ஒவ்வொரு சீட்டு போடும் சுற்றே ஒரு பிடி) பாஸ், டபுள் (எதிரணிக் கேட்பின் பணயத்தை உயர்த்துவது), ரீடபுள் என்ற மூன்றும் சேர்ந்த 38 சொற்களுக்கு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்பதை ஜோடியாக ஆடும் இருவரும் முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். 1925-இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் வகுத்த ஸ்கோர் முறை இந்தத் தேவையை இன்னும் கூர்மையாக்கியது. அதற்கு முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் கேளாமல் வென்ற பிடிகளும் கேமுக்குரிய (போனஸ் தரும் ஸ்கோர் எல்லைக்குரிய) கணக்கில் சேர்ந்தன. கான்ட்ராக்ட் பிரிட்ஜிலோ ஏலத்தில் கேட்டு வென்றவற்றுக்கு மட்டுமே கேம் போனஸும் ஸ்லாம் (12 அல்லது 13 பிடிகள்) போனஸும் உண்டு. இரண்டு ஸ்பேடில் (ஆறுக்கு மேல் இரண்டு, அதாவது எட்டுப் பிடிகளில்) ஏலத்தை முடித்துவிட்டுப் பத்துப் பிடிகளை வெல்லும் ஜோடி எவ்வளவு அழகாக ஆடியிருந்தாலும் கேமை இழந்த ஜோடிதான்.

புதிதாகச் சேரும் இருவர் பெரும்பாலும் கன்வென்ஷன்களின் (தனிப்பொருள் தரப்பட்ட கேட்பு உடன்பாடுகளின்) பெயர்களைச் சொல்லி, தலையசைத்து, அத்துடன் ஏலமுறை அமைந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். குழப்பம் வருவது கன்வென்ஷனின் முதல் கேட்பில் மிக அரிது. மூன்றாவது, நான்காவது கேட்பிலும் எதிரணி குறுக்கிடும் இடத்திலும்தான் அது வெடிக்கிறது. ஒரு கன்வென்ஷனை ஏற்குமுன் அதன் பொருள் என்ன, அதற்கான பதில்கள் எவை, பதிலுக்குப் பின் எந்தக் கேட்பைப் பாஸ் செய்யலாம், எதிரணி இடையில் டபுள் சொன்னாலோ வேறொன்றைக் கேட்டாலோ என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் இருவரும் ஒரே விடையைத் தர முடிய வேண்டும். ஒன்றுக்கு விடை இல்லையென்றால், அந்தக் கன்வென்ஷனை இப்போதைக்கு விட்டுவிட்டு ஆடுவதே மேல் என்பது என் துணிபு.

அடித்தளம்

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளிகள். இரு கைகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 25 இருந்தால் மூன்று நோ டிரம்போ (துருப்பு இல்லாமல் ஆடுவது) நான்கு மேஜரோ (ஸ்பேட் அல்லது ஹார்ட்) எட்டக்கூடியது. 33 இருந்தால் சிறிய ஸ்லாமையும், 37 இருந்தால் பெரிய ஸ்லாமையும் எண்ணிப் பார்க்கலாம். மைனர் வகையில் (டைமண்ட், கிளப்) கேம் எடுக்க 11 பிடிகள் வேண்டும், மேஜரில் 10 போதும், நோ டிரம்பில் 9 போதும். இதனால்தான் எல்லா ஏலமுறைகளும் இரு கைகளிலும் சேர்ந்த எட்டுச் சீட்டு மேஜர் பொருத்தத்தை முதலிலும், நோ டிரம்பை அடுத்ததாகவும், மைனரைக் கடைசியிலும் தேடுகின்றன.

ஜோடி முதலில் தீர்க்க வேண்டியது 1 நோ டிரம்ப் திறப்பின் (ஏலத்தின் முதல் கேட்பின்) புள்ளி அளவு. அது 15 முதல் 17 வரையா, 12 முதல் 14 வரையா என்பதைப் பொறுத்து மற்ற எல்லாத் திறப்புகளின் பொருளும் மாறிவிடும். 15–17 என்று வைத்துக்கொண்டால், ஒரு வகையில் திறந்து அடுத்த சுற்றில் 1 நோ டிரம்ப் கேட்பவர் 12–14 புள்ளிகளுடன் சமநிலைக் கையை (எந்த வகையும் மிக நீளமாகவோ மிகக் குறைவாகவோ இல்லாதது) வைத்திருக்கிறார் என்றும், தாவி 2 நோ டிரம்ப் கேட்பவரிடம் 18–19 இருக்கிறது என்றும் தானாகவே தெளிவாகும். இந்த வழிகாட்டி அந்த அளவையும், மேஜரில் திறக்க ஐந்து சீட்டுகள் வேண்டும் என்ற முறையையும் கொண்டே செல்கிறது.

எல்லைக்கோட்டுக் கைகளுக்கு 20 விதி என்பது எளிய கருவி: படச்சீட்டுப் புள்ளிகளோடு மிக நீண்ட இரு வகைகளின் சீட்டு எண்ணிக்கையைக் கூட்டி 20 வந்தால் திறக்கலாம். ஸ்பேடில் ஏஸ் ஜாக்கி 9 6 4, ஹார்ட்டில் ராஜா ராணி 10 5 3, டைமண்டில் 7 2, கிளப்பில் 4 என்ற கையில் பத்தே புள்ளிகள்தான்; ஆயினும் 10 + 5 + 5 = 20 ஆவதால் 1 ஸ்பேட் திறக்கலாம். அதே விதியின்படி 4-3-3-3 வடிவில் 12 புள்ளிகள் கொண்ட கை 19-லேயே நின்றுவிடுகிறது. ராணிகளும் ஜாக்கிகளுமாகச் சிதறிக் கிடக்கும் அத்தகைய கையைப் பாஸ் செய்வதில் தயக்கம் வேண்டாம்.

எல்லையும் கட்டாயமும்

ஏலத்தின் நடுநரம்பு இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். ஒருவர் தன் கையின் வலிமையையும் வடிவத்தையும் குறுகிய எல்லைக்குள் சொல்லிவிட்டால், அதன்பின் முடிவெடுக்கும் பொறுப்பு அவருடைய கூட்டாளிக்குச் செல்கிறது. 1 ஸ்பேடுக்கு 2 ஸ்பேட் என்று பதில் சொன்னவர் மூன்று ஸ்பேடுகளும் 6–9 புள்ளிகளும் இருப்பதாகச் சொல்லி முடித்துவிட்டார்; திறந்தவர் பாஸ் செய்யலாம், 3 ஸ்பேட் கேட்டு விசாரிக்கலாம், நேராகக் கேமுக்குப் போகலாம். பதிலளித்தவர் அதற்குமேல் தன் கையின் அழகில் மயங்கித் தானாகவே ஏலத்தை உயர்த்தக் கூடாது. நான்கு ஸ்பேடுகளும் 10–12 புள்ளிகளும் இருந்தால் முதலிலேயே 3 ஸ்பேட் கேட்டிருக்க வேண்டும். 1 ஸ்பேடுக்கு நேராக 4 ஸ்பேட் என்ற பதில் புதியவர்களை வியக்கவைக்கும், ஏனெனில் அது வலிமையான கையைக் காட்டுவதில்லை. ஐந்து துருப்புகளும் குறைந்த புள்ளிகளும் வளைந்த வடிவமும் கொண்டு எதிரணியின் வழியை அடைக்கும் கேட்பு அது.

எல்லை சொல்லப்படாத கை பேசும்போது எந்தக் கேட்பைப் பாஸ் செய்யக் கூடாது என்பதே கேள்வி. பாஸ் சொல்லியிராத பதிலளிப்பவர் கேட்கும் புதிய வகை, ஒரு சுற்றுக்கு ஃபோர்சிங், அதாவது திறந்தவர் அதைப் பாஸ் செய்யக் கூடாது. 1 ஸ்பேடுக்கு 2 கிளப் என்ற பதில் பத்துப் புள்ளிகளில் தொடங்குகிறதா, கேம் வரை ஃபோர்சிங்கா என்பதில் ஜோடிகள் இரண்டாகப் பிரிகின்றன. இரண்டாவது முறையை ஏற்றால் பின்னே நிதானமாகப் பேச இடம் கிடைக்கும், ஆனால் 1 நோ டிரம்ப் பதிலுக்குள் 11 புள்ளிக் கைகளையும் திணிக்க வேண்டிவரும். எதை ஏற்றாலும் பாதகமில்லை, இருவரும் ஒன்றையே ஏற்க வேண்டும். அடுத்து, 1 டைமண்ட், 1 ஸ்பேட், 2 கிளப் என்று ஏலம் சென்றபின் பதிலளிப்பவர் 2 ஹார்ட் கேட்டால், அந்த நான்காவது வகையைப் பெரும்பாலான ஜோடிகள் செயற்கையான ஃபோர்சிங் கேட்பாகவே கொள்கின்றன. அது ஹார்ட் இருப்பதைச் சொல்வதில்லை. கையைப் பற்றி இன்னும் சொல்லுமாறு திறந்தவரைக் கேட்கிறது.

1 நோ டிரம்புக்குப் பின்

திறப்புகளுள் மிகக் குறுகிய எல்லை உடையது 1 நோ டிரம்ப் என்பதால், கன்வென்ஷன்களிலிருந்து மிகுந்த பயன் கிடைக்கும் இடமும் இதுவே. 2 கிளப் என்ற ஸ்டேமன் கேட்பு நான்கு சீட்டு மேஜர் இருக்கிறதா என்று வினவுகிறது. இல்லையென்றால் 2 டைமண்ட், இருந்தால் அந்த மேஜர், இரண்டும் இருந்தால் ஹார்ட் முதலில் என்பது வழக்கமான பதில். ஸ்பேடில் ராஜா 10 7 4, ஹார்ட்டில் ஏஸ் 8 6 3, டைமண்டில் 5 2, கிளப்பில் ஜாக்கி 9 4 என்ற எட்டுப் புள்ளிக் கையை வைத்திருப்பவர் 2 கிளப் கேட்டு, மேஜர் வந்தால் அதையே மூன்றுக்கு உயர்த்தியும், 2 டைமண்ட் வந்தால் 2 நோ டிரம்ப் கேட்டும் கேமுக்கு அழைப்பு விடுக்கிறார்.

வலிமையற்ற கையிலும் ஸ்டேமன் கேட்கலாம், ஆனால் வடிவம் இடம்கொடுக்க வேண்டும். ஸ்பேடில் ஜாக்கி 8 6 4, ஹார்ட்டில் 10 7 5 2, டைமண்டில் 9 8 6 4 3, கிளப்பே இல்லை என்ற கையில் எந்தப் பதில் வந்தாலும் பாஸ் செய்துவிடலாம். 1 நோ டிரம்பில் விட்டுவைப்பதைவிட அது நிச்சயம் நல்லது. அதே ஒரு புள்ளியோடு டைமண்டுக்குப் பதில் கிளப் நீளமாக இருந்தால், 2 டைமண்ட் பதிலுக்குப் பின் ஒதுங்க இடம் இல்லை. இத்தகைய கையோடு ஸ்டேமன் கேட்பது ஆபத்து.

ஐந்து சீட்டு மேஜர் இருக்கும்போது டிரான்ஸ்ஃபர் பயன்படுகிறது: 2 டைமண்ட் ஹார்ட்டையும், 2 ஹார்ட் ஸ்பேடையும் காட்டுகின்றன, திறந்தவர் அந்த மேஜரைக் கேட்கக் கடமைப்பட்டவர். ஸ்பேடில் ஜாக்கி 9 8 6 4 3, ஹார்ட்டில் 5 2, டைமண்டில் 9 7 4, கிளப்பில் 8 3 என்ற கை நோ டிரம்பில் ஒரு பிடிகூடத் தராமல் போகலாம். ஸ்பேட் துருப்பானால் மூன்று நான்கு பிடிகள் தரும். 2 ஹார்ட், 2 ஸ்பேட், பாஸ் என்று ஏலம் முடிந்தால் வலிமையான கை மறைந்திருக்கும், எதிரணியின் முதல் சீட்டும் அதன் ராஜாக்களையும் ராணிகளையும் நோக்கியே வரும். ஐந்து ஸ்பேடுகளும் ஒன்பது புள்ளிகளும் இருந்தால் டிரான்ஸ்ஃபருக்குப் பின் 2 நோ டிரம்ப் அழைப்பு. பத்தோ அதற்கு மேலோ இருந்தால் 3 நோ டிரம்ப், அதை மூன்று ஸ்பேடுகள் கொண்ட திறப்பாளர் 4 ஸ்பேடாக மாற்றுவார்.

இனி பலர் தவறவிடும் பகுதி. 1 நோ டிரம்பை எதிரணி டபுள் செய்தால் ஸ்டேமனும் டிரான்ஸ்ஃபரும் நிலைக்குமா? எதிரணி 2 கிளப் கேட்டால்? எளிய உடன்பாடு ஒன்று: டபுளுக்குப் பின் எல்லாம் முன்போலவே, 2 கிளப்புக்குப் பின் டபுள் என்பதே ஸ்டேமன், மற்றவை முன்போலவே, அதைவிட உயர்ந்த குறுக்கீட்டுக்குப் பின் இரண்டாம் மட்டத்துக் கேட்புகள் அனைத்தும் அந்தந்த வகையையே குறிக்கும். இதைவிட நுட்பமான முறைகள் உண்டு. ஆயினும் நினைவில் நிற்கும் எளிய முறை, பாதி மறந்த நுட்பமான முறையைவிட அதிக ஸ்கோர் ஈட்டித் தரும்.

டபுள், ஸ்லாம், போட்டி ஏலம்

எதிரணியின் திறப்புக்கு மேல் சொல்லும் டபுள், எதிரணி கேளாத வகைகளுள் ஒன்றைக் கேட்குமாறு கூட்டாளிக்கு விடுக்கும் அழைப்பு என்பதை எல்லோரும் அறிவர். 1950-களில் ஆல்வின் ராத் முன்வைத்த நெகட்டிவ் டபுளை அதற்கு அடுத்ததாகச் சேர்க்கலாம்: கூட்டாளி 1 டைமண்ட் திறந்து எதிரணி 1 ஸ்பேட் கேட்டால், உங்கள் டபுள் நான்கு ஹார்ட்டுகளைக் காட்டும். எந்த மட்டம் வரை இது செல்லும் என்பதை எழுதி வையுங்கள். மூன்று ஸ்பேட் வரை என்பது பரவலான எல்லை.

ஸ்லாம் நோக்கிக் கேட்கும் பிளாக்வுட் கன்வென்ஷன் ஏஸ்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறது. 4 நோ டிரம்புக்கு 5 கிளப் என்றால் எதுவுமில்லை அல்லது நான்கு, 5 டைமண்ட் ஒன்று, 5 ஹார்ட் இரண்டு, 5 ஸ்பேட் மூன்று. ஒரு வகையே இல்லாத கையோடும், கேளாத வகையில் இரு சிறு சீட்டுகள் மட்டும் உள்ள கையோடும் இதைக் கேட்டால் பதில் வந்தும் முடிவெடுக்க முடியாது. 1 நோ டிரம்புக்கு நேராக 4 நோ டிரம்ப் என்பது ஏஸ் கேட்பு இல்லை. 16 புள்ளிக் கையோடு விடுக்கும் ஸ்லாம் அழைப்பு. இதை எழுதி வைக்காத ஜோடிக்கு ஒருநாள் விபத்து உறுதி.

இரு அணிகளும் கேட்கும்போது, பிரெஞ்சுக்காரரான ழான்-ரெனே வெர்ன் முன்வைத்த மொத்தப் பிடி விதி வழிகாட்டும்: உங்கள் ஜோடியிடம் எத்தனை துருப்புகளோ அத்தனை பிடிகளின் மட்டம் வரை போட்டியிடலாம், எட்டிருந்தால் இரண்டாம் மட்டம், ஒன்பதிருந்தால் மூன்றாம் மட்டம். வல்னரபிள் நிலையையும் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) சேர்த்துப் பாருங்கள். வல்னரபிளாக உள்ள எதிரணியின் 4 ஹார்ட் கேம் 620 ஆகும்போது, வல்னரபிள் அல்லாத நீங்கள் டபுளாகி மூன்று பிடிகள் தோற்றால் இழப்பு 500 மட்டுமே. நீங்களும் வல்னரபிள் என்றால் அதே மூன்று பிடிகள் 800.

குழு ஆட்டத்தில் கேமுக்குத் துணிவதும் கணக்கின்படியே. வல்னரபிளாக இருக்கும்போது பத்துப் பிடிகள் வந்தால் 4 ஸ்பேட் 620, கேம் கேட்காதவருக்கு 170. வித்தியாசம் 450, அதாவது 10 ஐஎம்பி (குழு ஆட்டத்தில் ஸ்கோர் வித்தியாசத்தை மாற்றித் தரும் புள்ளி). ஒரு பிடி குறைந்தால் –100 எதிர் 140. 240-க்கு இழப்பு 6 ஐஎம்பி. ஆக, 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கேம் கேட்பது சரி. எத்தனை ஜோடிகளை முந்தினோம் என்பதே கணக்காகும் மேட்ச் பாயிண்ட் ஜோடி ஆட்டத்தில் அந்தச் சலுகை இல்லை, பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டும்.

வெளிப்படையும் பயிற்சியும்

ஜோடியின் எந்த உடன்பாடும் எதிரணிக்கு மறைவாக இருக்கக் கூடாது. செயற்கையான கேட்பை விதிப்படி அலெர்ட் செய்ய (எதிரணிக்குச் சுட்டிக்காட்ட) வேண்டும், கேட்டால் விளக்க வேண்டும். உடன்பாடு இல்லாத இடத்தில் ஊகத்தைச் சொல்லாமல், உடன்பாடு இல்லை என்றே சொல்ல வேண்டும். கூட்டாளியின் நீண்ட தயக்கத்திலிருந்தோ முகபாவத்திலிருந்தோ கிடைக்கும் தகவலைப் பயன்படுத்துவதும் விதிமீறலே.

பயிற்சிக்கு இருவரே போதும். சீட்டுக்கட்டைக் கலைத்து இரண்டு கைகளை மட்டும் எடுத்து, பேசாமல் தாளில் கேட்புகளை மாறி மாறி எழுதுங்கள். ஏலம் முடிந்ததும் ஒவ்வொரு கேட்புக்கும் தான் கொண்ட பொருளைத் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்த இடத்தை அன்றே தீர்த்து ஏலக் குறிப்பேட்டில் சேர்த்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே இத்தகைய விவாதம் வேண்டாம். கை எண்ணை மட்டும் குறித்துவைத்து, எல்லாச் சுற்றுகளும் முடிந்தபின் பேசிக்கொள்ளலாம். குறிப்பேட்டில் உள்ளவை இரண்டு மூன்று அமர்வுகளில் பிழையின்றி வந்தபின் அடுத்த கன்வென்ஷனுக்குப் போகலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றாக.