ஆட்டோமேட்டிக் கியர் மக்கர் பண்ணும்போது பதற்றத்தில் செய்யும் தவறுகள்

பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த அயித்தான், பள்ளத்தூர் வீட்டில் ஐந்து மாதமாகச் சும்மா நின்ற காரை எடுத்தார். முக்கி முனகி ஸ்டார்ட் ஆனது. லீவரை முன்னால் போவதற்கான 'டி'க்குத் தள்ளினால் மீட்டரில் நியூட்ரலைக் குறிக்கும் 'என்' எழுத்து விட்டுவிட்டு மின்னியதே தவிர, கார் நகரவில்லை. காரைக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. "கியர்பாக்ஸ் போயிருச்சுண்ணே, இறக்கணும். அறுபதாயிரம் வரும்" என்றார். ஆச்சியின் வளையலை வங்கியில் வைக்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. நான் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, சிறிது நேரம் கழித்து பேட்டரியில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 11.8 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்று மாலையே புது பேட்டரி மாட்டினோம், கார் கிளம்பிவிட்டது.

எல்லாக் காருக்கும் இப்படி எளிதாக முடியாது. ஆனால் செட்டிநாட்டில் பல கார்களின் நிலைமை இதுதான். திருவிழா, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று ஆள் வரும்போது ஓடும், மற்ற நாளெல்லாம் நிற்கும். பேட்டரி இறங்கினால் ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட்டேஜ் படுத்துவிடும். கியரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று பதிந்துகொள்ளும். அதனால் கியர்பாக்ஸைப் பற்றி யார் என்ன சொன்னாலும், பேட்டரியையும் அதன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்த தவறுதான் நிறையப் பணத்தைத் தின்கிறது. தன் காரில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்றே தெரியாமல் செலவு செய்வது. கிளட்ச் மிதி இல்லாத கார் எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். உள்ளே இருப்பது வேறு வேறு. 2014இல் மாருதி செலெரியோவில் வந்து பரவிய ஏஎம்டி, உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி செய்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வகை ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். சிவிடியில் பல்சக்கர அடுக்குக்குப் பதில் இரண்டு புல்லியும் ஒரு எஃகு பெல்ட்டும் இருக்கும். டிசிடியில் இரண்டு கிளட்ச்.

இது தெரிந்தால் பேரமே மாறிவிடும். ஏஎம்டி கார் இழுக்கவில்லை, இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் தேய்ந்தது கிளட்ச் பிளேட். அதற்குக் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்க வேண்டியிருக்கும், ஆனால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பல பத்தாயிரம் ரூபாய். கிளட்ச் மாற்றிய பிறகு, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் போட்டு, புது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, "புது பிளேட்டுண்ணே, செட் ஆகும்" என்று சொல்லி அனுப்பினால் நம்பாதீர்கள். குலுக்கல் அப்படியே இருக்கும், புது பிளேட்டும் சீக்கிரம் தேயும்.

சதுர்த்தி சமயத்தில் பிள்ளையார்பட்டிச் சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது பாருங்கள். ஏஎம்டி காரை ஓர் அடி நகர்த்தி நிறுத்தி, மறுபடி ஓர் அடி நகர்த்துவார்கள். மேட்டில் நின்றால் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்து வைப்பார்கள். அரை கிளட்சில் நிற்கும் காருக்குக் கருகல் வாடை வராமல் என்ன செய்யும்? முன்னால் இடைவெளி விழும்வரை பிரேக்கில் நில்லுங்கள். அப்புறம் ஒரே ஓட்டமாக நகர்த்துங்கள்.

ஆயில் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "லைஃப் டைம் ஆயில்" என்று யாரோ சொன்னதை நம்பி லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் மாற்றாதவர்கள் ஒரு பக்கம். கோளாறு வந்த அன்றே, கடையில் கிடைத்த ஏதோ ஒரு கியர் ஆயிலை ஊற்றச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது தவறு முதலாவதைவிட மோசம். சிவிடிக்கு அதற்கென்று உள்ள ஆயில் மட்டும்தான். ஏடிஎஃப் எனப்படும் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியைக் கீறிவிடும். காருடன் வந்த புத்தகத்தில் ஆயிலின் பெயரும் எண்ணும் இருக்கும். செல்போனில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவு கூடினாலும் கெடுதல், ஆயில் நுரைத்துவிடும்.

பழைய ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பல ஏடிஎஃப் சிவப்பாக இருக்கும், பழசானால் பழுப்பேறும், அதனால் பயமில்லை. கறுத்து, தீய்ந்த வாடை வீசி, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தால் உள்ளே கிளட்ச் கரைகிறது என்று பொருள். அதற்கு ஆயில் மாற்றம் மருந்தல்ல, அழுத்தம் கொடுத்து ஃப்ளஷ் பண்ணுவது அறவே வேண்டாம். பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கியர் ஆயிலில் கலந்திருக்கிறது. பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது அரித்துவிட்டால் இப்படித்தான் ஆகும், அந்த நிமிடமே காரை நிறுத்திவிட வேண்டும். ரேடியேட்டருக்குக் கூலன்ட் வாங்க யோசித்து போர்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அத்தனை ருசி, ஆனால் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். திருமயத்தில் நின்ற ஒரு டார்க் கன்வெர்ட்டர் காரை டிராக்டரில் கட்டிக் காரைக்குடி வரை இழுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜின் ஓடாவிட்டால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் ஓடாது. சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எல்லாம் வறண்டு உரசும். ரெக்கவரி வண்டியில் முழுக் காரையும் ஏற்றுங்கள், இல்லையென்றால் ஓட்டும் சக்கரங்களையாவது தூக்கச் சொல்லுங்கள். காப்பீட்டில் ரோட்சைடு உதவி சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள், பலர் பணம் கட்டியும் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்கேனரில் 'பி0700' என்று வந்ததும் கியர்பாக்ஸ் முடிந்தது என்று முடிவு கட்டுவதும் தவறு. 'கியர் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள்' என்பதுதான் அந்த எண்ணின் பொருள். உண்மையான காரணம் அதனுடன் பதிவாகியிருக்கும் வேறு எண்ணில் இருக்கும். எண்களை அழிப்பதற்கு முன்னால் திரையைப் படமெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது இடத்தில் கருத்துக் கேட்க மதுரைக்கோ திருச்சிக்கோ அந்தப் படத்தை அனுப்பினாலே போதும், காரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

சரி, கியர்பாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டது என்றால்? சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையிலிருந்து பழசு ஒன்று இறக்கித் தருகிறேன் என்பார்கள். கெட்ட யோசனை இல்லை. ஆனால் ஒரே மாடல் காரிலேயே வருஷத்துக்கு வருஷம் கியர்பாக்ஸ் மாறியிருக்கும், அதன் மேல் பதித்திருக்கும் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் காரின் கம்ப்யூட்டரோடு யார் பொருத்தித் தருவார்கள், எத்தனை மாத கேரண்டி என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். மொத்தச் செலவு காரின் இன்றைய விலையில் பாதியைத் தொட்டால், நகையை வைத்துப் பழுது பார்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோளாறை மறைக்காமல் சொல்லி வந்த விலைக்கு விற்றுவிடுவது மேல்.

அயித்தான் ஊருக்குத் திரும்பும் முன் சாவியைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் காலையில் அந்தத் தம்பி காரைக் காரைக்குடி வரை ஓட்டிவிட்டு வருகிறான். பெட்ரோல் காசு அயித்தானுடையது.