போன் பேசுகிறது, பிள்ளை பேசவில்லை: ஆங்கில வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் ஒரு பிள்ளை பாடசாலை விட்டு வீடு போனால், மறுநாள் காலை வரை அதனிடம் ஆங்கிலத்தில் பேச பெரும்பாலும் ஆளில்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து மெதடிஸ்த பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்து டவுனில் ஆங்கிலத்துக்கு ஒரு வேர் உண்டு. வாவிக்கு இந்தப் பக்கம் ஆசிரியரின் வாயை விட்டால் வேறு வழியிருக்கவில்லை. இப்போது போன் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிவதால்தான், வீணாகும்போது மனம் பொறுக்கவில்லை.

நான் அதிகம் பார்க்கும் தவறு, நீளமான வீடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது. 40 நிமிடப் பாடத்தில் 25 நிமிடம் திரை பேசினால், பிள்ளைகள் பேச என்ன மிஞ்சும்? மூன்று நிமிடத் துண்டு போதும். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தெரிந்த ஒற்றைச் சொல்லாவது வரும். அப்புறம் சத்தத்தோடு போடுங்கள். வேகமாக இருந்தால் யூடியூப்பில் 0.75 வேகத்துக்குக் குறைக்கலாம்.

அடுத்தது, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தட்டி வட்ஸ்அப்பில் அனுப்புவது. 'பிக்' என்று அனுப்பினால் பிள்ளை எதை வாசிக்கும், பன்றியையா, 'பெரிய' என்பதையா? ஆங்கிலத்தில் அவை இரண்டு ஒலிகள், நமக்கு இருப்பதோ ஒரே 'ப'. ஒரு முறை அப்படிப் பதிந்த உச்சரிப்பைப் பிறகு மாற்றுவது லேசான காரியமல்ல. உங்கள் குரலிலேயே இரண்டையும் மாறி மாறிச் சொல்லி ஒரு வாய்ஸ் அனுப்புங்கள். பத்து விநாடி வேலைதான். வீடியோவைப் போல டேட்டாவையும் தின்னாது.

மொழிபெயர்ப்புச் செயலியைத் தடை செய்யத் தேவையில்லை. ஆனால் கட்டுரை முழுவதையும் தமிழில் எழுதி அதற்குள் போட விடாதீர்கள். நம் பிள்ளைகள் எழுதும் தமிழில் 'மறுகா', 'வாறன்' என்று ஊர்ப் பேச்சும் வரும். அங்கே அது தடுமாறிவிடும். எழுத்துத் தமிழிலும் சிக்கல் இருக்கிறது. 'அவர் வந்தார்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்வதில்லை, ஆங்கிலத்துக்கோ அது தெரிந்தாக வேண்டும். அம்மம்மாவைப் பற்றிய கட்டுரையில் பாதி வழியில் அம்மம்மா ஆணாகிவிடலாம். பிள்ளை முதலில் தானே ஆங்கிலத்தில் நாலு வசனம் எழுதட்டும். பிறகு செயலி தருவதோடு ஒப்பிட்டு, எது ஏன் வேறுபடுகிறது என்று உங்களிடம் வந்து கேட்கட்டும். அந்தக் கேள்விகளில்தான் இலக்கணம் பிடிபடுகிறது.

இனிச் சொல்வது நானே செய்த தவறு. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு மாணவி தன் வீட்டைப் பற்றி ஐந்து வசனம் பேசி அனுப்பியிருந்தாள். நான் உற்சாகத்தில் அதே குழுவில் மூன்று பிழைகளைச் சுட்டிக்காட்டிப் பதில் போட்டேன். அந்தத் தவணை முழுவதும் அவளுடைய குரல் திரும்ப வரவில்லை. அவள் மட்டுமல்ல, வேறு நான்கைந்து பேரும் நின்றுவிட்டார்கள். பெரும்பாலும் போன் அம்மாவுடையது. நான் போட்ட பதிலை வீடே கேட்டிருக்கும். பிழையைத் தனியே சொல்ல வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று. குழுவில் பிள்ளை சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: வீட்டில் மாமரம் இருக்கிறது என்றால், காய்க்கிறதா என்று கேளுங்கள். இது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

அந்தப் போன் எப்போது பிள்ளையின் கைக்கு வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். அப்பா வயலுக்கோ வாவிக்கோ கொண்டுபோயிருப்பார். பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்பு என்றால் பிள்ளை என்ன செய்யும்? மறுநாள் காலை வரை நேரம் கொடுங்கள். போனே இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் உங்கள் போனைக் கொடுத்துப் பேசவிடுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: பிள்ளைகள் தட்டும் போனில் கீபோர்ட் மொழியைப் பிரித்தானிய ஆங்கிலமாக மாற்றிவிடுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் நம் பாடப்புத்தக எழுத்துக்கூட்டலையே பிழை என்று சிவப்புக் கோடு போடலாம்.

கடைசியாக, வந்த குரல்களை இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள். தவணையின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பேசியதைப் பெயர் போட்டு ஒரு மெமரி கார்ட்டில் வைத்திருங்கள். கடைசி வாரத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பதிவு செய்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். இப்போதெல்லாம் என் மாணவர்கள் அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.