நேர்த்திக்கு ஒரு பால்மா டின்

கோயிலுக்கு நேர்த்தி (வேண்டுதல்) வைத்த அன்றே, என்ன நேர்ந்தீர்கள் என்பதைத் திகதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி, மஞ்சள் துணியில் முடிந்த காசோடு வெற்றுப் பால்மா டின்னில் போட்டுவிடுங்கள். சம்பள நாளில் 200 ரூபாயாவது அதற்குள் விழட்டும்.

காரியம் கைகூடிய பின் "நேர்ந்தது 101 தேங்காயா, 51ஆ?" என்று வீட்டில் வழக்காட வேண்டியதில்லை, தாளே சொல்லிவிடும். காசும் சேர்ந்திருக்கும், ஆகவே பத்திரகாளி அம்மன் வாசலில் நிற்கும்போது மனம் கணக்குப் பார்க்காது. கடன் வாங்கித் தீர்க்கும் நேர்த்தியில் முகம் மலர்வது கடினம்தான்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலருகே மரத்தில் தொட்டில் கட்டுவது போன்ற சிறு நேர்த்திக்கு இது தேவையில்லை. காவடி, விரதம் என்றால் டின் உதவாது. கலண்டரில் நாளைக் குறித்து லீவை முன்கூட்டியே போடுங்கள்.